சொல்லிக்கொடுப்பவர்கள்

இரவெல்லாம் நிறுத்திவைத்த சி.என்.சி. எந்திரத்தைக் காலையில் ஓட்டினால், முதலில் வெட்டும் சில உருப்படிகளின் அளவு பிசகும். சுழலும் தண்டு குளிர்ந்திருக்கும். ஓட ஓடச் சூடேறி நீளும். நீள்வது சில மைக்ரான்தான். ஆனால் பேரிங் உட்காரும் இடத்தில், உருப்படி தேறுமா ரிஜெக்‌ஷன் பெட்டிக்குப் போகுமா என்பது அந்தச் சில மைக்ரானில்தான் இருக்கிறது. அனுபவப்பட்ட ஆபரேட்டர் எந்திரத்தைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்வார். இல்லையென்றால் டூல் ஆஃப்செட்டில் ஒரு சிறிய எண்ணை மாற்றிவைத்து வேலையைத் தொடங்கி, சூடேறிய பிறகு பழைய எண்ணுக்குத் திரும்புவார்.

பாடப்புத்தகத்தில் இதன் பொதுவிதி இருக்கிறது. ஆனால் இந்த எந்திரம் எவ்வளவு நேரத்தில் சூடேறும், மழைநாளில் எப்படி, ஞாயிறு முழுக்க நின்ற பிறகு திங்கட்கிழமை காலையில் எப்படி, எந்த எண்ணை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதெல்லாம் அதோடு வருடக்கணக்கில் நின்றவருக்குத்தான் தெரியும். அவர் அதை எங்கும் எழுதிவைத்திருக்கமாட்டார். அது அவர் காதிலும் விரல் நுனியிலும் இருக்கிறது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் வரைக்கும், அங்கிருந்து வடக்கே திரும்பி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், இப்படிப்பட்ட அறிவு இறைந்து கிடக்கிறது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நடுத்தரக் கம்பெனிகள், அவற்றுக்கு ஜாப்-ஒர்க் செய்யும் சிறு லேத் பட்டறைகள் என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக இந்த வட்டாரம் வளர்ந்தது. இவற்றில் எந்தக் கூரைக்குக் கீழே போய்ப் பார்த்தாலும் இரண்டு பேர் இருப்பார்கள்: வேலை தெரிந்த மூத்தவர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பையனோ பெண்ணோ ஒருவர். மூத்தவர் அந்த எண்ணைச் சொல்லிக்கொடுப்பாரா, மாட்டாரா?

சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிலர் எண்ணை மாற்றும்போது திரையை மறைத்தபடி முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். மனிதன் எப்படிப்பட்டவன், அவன் எப்படி வாழ வேண்டும் என்று காலங்காலமாகக் கேட்கப்படும் பெரிய கேள்விகள் இந்தச் சிறிய இடத்தில் முழுதாக வந்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. பணத்தைக் கொடுத்தால் நம்மிடம் குறையும். ஆகவே கொடுக்கத் தயங்குவது புரிகிறது. அறிவு கொடுத்தாலும் குறையாது என்று குழந்தைப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனாலும் கொடுக்கத் தயங்குகிறோம். ஏன்?

*

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது இவனுக்கும் தெரிந்துவிட்டால், நான் எதற்கு? குறைந்த சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்ய ஒருவன் தயாராகிவிட்டால், என்னை வெளியே அனுப்ப எவ்வளவு நேரமாகும்? இந்த அச்சம் கற்பனையல்ல. இதற்கு நான் பிறகு வருகிறேன்.

இரண்டாவது காரணம் மதிப்பு. எந்திரம் நின்றுவிட்டால் எல்லோரும் தன்னைத் தேடி வருகிறார்கள் என்பதில் ஒரு மனிதனுக்குப் பெரிய நிறைவு இருக்கிறது. வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லாமல் இருக்கலாம். ஊரில் அவர் வாடகைக்குக் குடியிருப்பவராக இருக்கலாம். பட்டறையில் மட்டும் “அண்ணன் வரட்டும்” என்று வேலை காத்திருக்கிறது. அதை ஒருவர் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

மூன்றாவது காரணம் நுட்பமானது. நாம் நம்மிடமே ஒப்புக்கொள்ளாதது. “நான் பட்ட பாட்டை இவனும் படட்டும்.” அவர் கற்றபோது யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உருப்படி கெட்டது, திட்டு வாங்கினார், சம்பளத்தில் பிடித்தார்கள், கையில் காயம்பட்டது. அத்தனை வலிக்குப் பிறகு கிடைத்ததை நேற்று வந்த பையனுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டால், தான் பட்டதெல்லாம் வீணாகிவிடும்போல் இருக்கிறது. மாமியார் மருமகளிடமும், மேல்வகுப்பு மாணவன் புதிய மாணவனிடமும், முதுநிலை மருத்துவர் பயிற்சி மருத்துவரிடமும் காட்டும் கடுமைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. பட்ட துன்பத்தை அடுத்தவருக்குக் கைமாற்றினால்தான் அதற்கு ஒரு பொருள் கிடைக்கும் என்று மனம் நம்புகிறது. மனித இயல்பில் இதைவிடத் துயரமான ஒரு நம்பிக்கையை நான் அறியேன்.

இந்த மூன்றையும் ஒரு வாழ்க்கைக்குள் பார்க்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. படப்பையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. வைணவ மரபின்படி 1017ஆம் ஆண்டு அங்கே பிறந்த இராமானுசரின் வாழ்க்கையை நாம் பெரும்பாலும் ஒரு சீர்திருத்தக்காரரின் வாழ்க்கையாகவோ ஒரு தத்துவ ஆசிரியரின் வாழ்க்கையாகவோதான் வாசிக்கிறோம். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஓர் இளைஞன் வாழ்க்கை முழுக்கச் சந்தித்த ஆசிரியர்களின் கதை அது. தெரிந்ததைக் கொடுப்பதிலும் மறுப்பதிலும் எத்தனை வகை மனிதர்கள் உண்டோ, அத்தனை பேரும் அதில் வருகிறார்கள்.

*

முதலில் வருபவர் யாதவப்பிரகாசர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் அவரிடம் இராமானுசர் வேதாந்தம் கற்றார். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்களை வருணிக்கும் ஒரு சொல்லுக்கு ஆசிரியர் சொன்ன பொருள் மாணவருக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணீர் சூடாக ஆசிரியரின் தொடையில் விழுந்தது என்கிறது கதை. கேட்டபோது மாணவர் வேறு பொருள் சொன்னார். அது ஆசிரியர் சொன்னதைவிட அழகாக இருந்தது. அங்கே தொடங்கிய உறுத்தல், காசி யாத்திரை வழியில் மாணவரைக் கொன்றுவிடலாம் என்ற சதி வரைக்கும் போனது என்று மரபு சொல்கிறது. உடன் சென்ற கோவிந்தன் எச்சரித்ததால் இராமானுசர் தப்பினார்.

யாதவப்பிரகாசர் சாதாரண மனிதரல்லர், பெரிய அறிஞர். அவருக்கு அறிவு போதாமல் இல்லை. தன்னைத் தாண்டிப் பார்க்கும் ஒருவன் தன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எவ்வளவு படித்தாலும் இந்த இடத்தில் மனிதன் தடுமாறுகிறான். திரையை மறைத்து நிற்கும் ஆபரேட்டருக்கும் திருப்புட்குழி ஆசிரியருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. நெஞ்சில் உறுத்துவது ஒன்றுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் யாதவப்பிரகாசர் தன் மாணவரிடமே வந்து சீடரானார். கோவிந்த ஜீயர் என்ற பெயரோடு துறவிகளின் ஒழுக்கம் பற்றி ஒரு நூலும் எழுதினார். பொறாமையில் தொடங்கியவர் பொறாமையிலேயே முடிய வேண்டியதில்லை என்பதற்காகவாவது அவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தவர் திருவரங்கத்து வைணவ ஆசிரியரான ஆளவந்தார். அவர் இராமானுசருக்கு நேரில் எதையும் கற்பிக்கவில்லை. காஞ்சிக்கு வந்தபோது தூரத்திலிருந்து பார்த்து, இவர் நமக்கு வேண்டியவர் என்று அறிந்து, வேறொருவரின் மாணவராயிற்றே என்று பேசாமலே திரும்பிப் போனார். பின்னர் ஆளனுப்பி வரவழைத்தார். இராமானுசர் திருவரங்கம் சேர்வதற்குள் இறந்துவிட்டார். ஆனாலும் அவரிடமிருந்தது இராமானுசருக்கு வந்து சேர்ந்தது. பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், திருமலை நம்பி ஆகிய ஐந்து சீடர்களிடம் ஒவ்வொரு பகுதி இருந்தது. ஐவரிடமும் இராமானுசர் தனித்தனியே கற்றார். ஆளவந்தார் முழுவதையும் தன்னோடு வைத்துக்கொண்டு ஒரே ஒரு வாரிசுக்காகக் காத்திருந்தால், அந்தச் சில நாள் தாமதத்தில் எல்லாமே கொள்ளிடக் கரையோடு முடிந்துபோயிருக்கும். பலரிடம் பகிர்ந்து வைத்ததால் பிழைத்தது. நல்ல பட்டறை முதலாளிகளுக்கு இந்த விவேகம் தெரியும். ஒரு வேலை ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் காய்ச்சலில் படுக்கும் நாளில் பட்டறையும் படுத்துவிடும்.

திருமலையாண்டானின் கதையும் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தார். நடுநடுவே இராமானுசர் தனக்குத் தோன்றிய பொருளைச் சொன்னார். “ஆளவந்தாரிடம் நான் இப்படிக் கேட்டதில்லையே” என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். செய்தி அறிந்து திருக்கோட்டியூர் நம்பி வந்தார். இராமானுசர் சொன்ன பொருளை ஆளவந்தார் சொல்லித் தான் கேட்டிருப்பதாகச் சொன்னார். ஆண்டான் மீண்டும் பாடம் தொடங்கினார். அப்படித் தொடங்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்பதை ஒருமுறையாவது யாருக்காவது பாடம் சொல்லியிருப்பவர்கள் அறிவார்கள். தன் காதில் விழாத ஒன்று மாணவனுக்குத் தோன்றியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த பாட்டுக்குப் போவது எளிய செயலல்ல.

பிறகுதான் எல்லோரும் அறிந்த திருக்கோட்டியூர் நிகழ்ச்சி. மந்திரத்தின் பொருளைக் கேட்டு இராமானுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து போனார். கடைசியில் நம்பி சொல்லிக்கொடுத்தார். வேறு யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் நரகம் என்றார். இராமானுசரோ அதை எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். நூலுக்கு நூல் இந்த நிகழ்ச்சி சற்று வேறுபடுகிறது. கோபுரத்தின் மேலேறிச் சொன்னார் என்பது மக்கள் மனத்தில் நின்ற வடிவம். சினந்து கேட்ட குருவிடம், நான் ஒருவன் நரகம் போய் இத்தனை பேர் கடைத்தேறுவார்களானால் அது எனக்குச் சம்மதம் என்றார். நம்பி அவரை அணைத்துக்கொண்டார்.

இந்தக் கதையை மேடைகளில் கேட்கும்போதெல்லாம் நாம் இராமானுசரின் துணிவுக்குக் கைதட்டுகிறோம். எனக்கு நம்பியைப் பற்றியே அதிகம் நினைக்கத் தோன்றுகிறது. பதினேழு முறை திருப்பி அனுப்பியவர் அவர். கற்ற பொருளின் அருமை தெரிந்தவர். தான் காத்துவந்ததை ஒருவன் தெருவில் வைத்துவிட்டானே என்று கொதித்தவர், பதிலைக் கேட்ட அந்தக் கணத்தில் தன் வாழ்நாள் பழக்கத்தையே கைவிடுகிறார். பிற்பாடு தன் மகனையும் இராமானுசரிடம் சீடனாக ஒப்படைத்தார் என்கிறார்கள். துணிவு இளமைக்குச் சற்று எளிதாக வரும். வயதான பிறகு, தான் பூட்டியது தவறென்று உணர்ந்து பூட்டைத் திறப்பதுதான் அரிது.

*

பூட்டிவைத்த அறிவுக்கு என்ன நேரும் என்பதற்குத் தமிழில் ஒரு பெரிய சாட்சி உண்டு. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதை அது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பிறகும் பல்லாண்டுகள் அவர் அலைந்தார். தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பரணிலும் மடத்திலும் கோயிலிலும் மற்றவர் கண்ணில் படாமல் காத்துவைத்த சுவடிகளைச் செல்லரித்திருந்தது. சில ஆற்றில் விடப்பட்டிருந்தன. கரிவலம்வந்தநல்லூரில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் துடித்ததை அவருடைய எழுத்திலிருந்தே அறிகிறோம். அந்த ஏடுகளை வைத்திருந்தவர்கள் அவற்றை மதிக்காதவர்கள் அல்லர். மதித்ததால்தான் பூட்டினார்கள். பூட்டியதால் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனார்கள். படிப்பவர் இல்லாத சுவடி, தீயில் இடுவதற்கு மட்டுமே உரிய புனிதப் பொருளாகிவிட்டது.

அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) நேர்மாறானவர். சைவ மடத்தைச் சார்ந்து வாழ்ந்த அந்தப் பெரும்புலவரிடம் புதுவைச் சவராயலு நாயகர் என்ற கிறித்தவரும் குலாம் காதிறு நாவலர் என்ற இஸ்லாமியரும் பாடம் கேட்டார்கள். வறுமையில் வாழ்ந்தவர், கல்வியைத் தவிர அவரிடம் சொத்தென்று எதுவும் இல்லை. இருந்த ஒரே சொத்தைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். அவர் கொடுத்ததால்தான் சாமிநாதையர் வந்தார். சாமிநாதையர் வந்ததால்தான் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் புறநானூறும் செம்மையான பதிப்புகளாக நம் கைக்கு வந்தன.

யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. நம் பையன், நம் ஊர்ப் பையன், நம் சாதிப் பையன் என்றால் பல மூத்தவர்கள் திரையை மறைப்பதில்லை. மறைக்கும் வழக்கம் அந்த வட்டத்துக்கு வெளியேதான் தொடங்குகிறது. இன்று ஒரகடத்துப் பட்டறைகளில் புதிதாக வந்து நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. மூத்தவருக்கு இந்தி தெரியாது. இருவருக்கும் நடுவே சைகையும் அரைகுறைச் சொற்களும் மைக்ரோமீட்டரும் மட்டும் இருக்கின்றன. “அண்ணா” என்ற சொல்லை அவர் எப்படியோ முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். கையைப் பிடித்து வைத்து, எந்திரத்தின் சத்தம் மாறும் இடத்தில் தோளைத் தட்டி, இதுதான் என்று தலையசைத்துக் காட்டுகிறார்கள். அந்தத் தலையசைப்புக்கு மேல் ஒரு தத்துவம் எனக்குத் தேவைப்படவில்லை.

இராமானுசர் திருவரங்கத்தில் காவிரிக்கு நீராடப் போகும்போது அந்தணச் சீடர்களின் தோளைப் பிடித்துக்கொண்டும், நீராடித் திரும்பும்போது மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசரின் தோளைப் பிடித்துக்கொண்டும் வருவார் என்று ஒரு செய்தி உண்டு. பெரிய நம்பி, தாழ்த்தப்பட்ட குலத்தவராகச் சொல்லப்பட்ட தன் உடன்மாணாக்கர் மாறனேர் நம்பிக்கு இறுதிச்சடங்கு செய்து, அதற்காகத் தன் உறவினரால் ஒதுக்கப்பட்டார். நினைத்துப் பார்த்தால், இவர்களுக்கு இதெல்லாம் தனியான புரட்சிச் செயல்கள் அல்ல. அறிவைக் கேட்பதற்கு ஆசை ஒன்றே தகுதி என்று ஏற்றுக்கொண்டபின், தோளும் நீரும் தீயும் தாமாகவே பொதுவாகிவிடுகின்றன.

*

இந்த வட்டாரத்து மண்ணே ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். படப்பை, மணிமங்கலம், ஆதனூர் என்று ஊருக்கு ஊர் ஏரி. மேட்டூர் அணைபோல ஒரே இடத்தில் தேக்கும் முறை இங்கே இல்லை. மேலே இருக்கும் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக மிச்சநீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்கு. இந்தப் பகுதியில் இப்படிச் சேரும் நீர்தான் அடையாறாகிச் சென்னையைக் கடந்து கடலுக்குப் போகிறது. கலங்கலின் உயரம் ஊர்கூடி நிர்ணயித்த ஒன்று. பஞ்சகாலத்தில் மேலூர்க்காரர்கள் கலங்கல்மேல் கல்லடுக்கி நீரைக் கூடுதலாகத் தேக்கப் பார்ப்பதும், கீழூர்க்காரர்கள் வந்து சண்டையிடுவதும் தமிழ்நாட்டு ஏரிப்பாசனத்தில் பழைய கதை. கல்லடுக்குவதால் கீழூருக்கு மட்டும் நட்டமில்லை. பெருமழை வந்தால் வழிய இடமில்லாத நீர் மேலூர்க் கரையைத்தான் முதலில் உடைக்கும்.

2015 டிசம்பரில் படப்பைக்குப் பக்கத்தில் வரதராசபுரமும் முடிச்சூரும் மூழ்கியதை இங்கிருப்பவர்கள் மறக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குக் காரணங்கள் பல. நீர் போகும் வழியிலெல்லாம் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கி வைத்திருந்ததும் அவற்றுள் ஒன்று. நிரம்பியதை அடுத்ததற்கு விட்டுவிடுவது தர்மம் என்பதற்கு முன்னால், கரை பிழைப்பதற்கான வழி. அறிவுக்கும் இதுவே. சொல்லிக்கொடுக்காதவரிடம் அறிவு தேங்குகிறது. புதிய கேள்வி அவரிடம் வருவதில்லை. சொல்லிக்கொடுப்பவர் “ஏன் அண்ணா இப்படி?” என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது, தான் கையால் மட்டும் அறிந்திருந்ததை முதல்முறையாக மனத்தாலும் அறிகிறார். பத்து வருடமாகச் செய்துவந்த ஒரு காரியத்தின் காரணம் அன்றுதான் அவருக்கே விளங்குகிறது.

*

இனி அந்த முதல் அச்சத்துக்கு வரவேண்டும். அதைத் தொடாமல் போனால் இதுவரை சொன்னதெல்லாம் வயிறு நிறைந்தவனின் உபதேசமாகிவிடும்.

தொழிலாளிக்கு நிலமில்லை, பங்குப் பத்திரம் இல்லை. கைத்திறன் ஒன்றே அவர் சொத்து. குறைந்த கூலிக்கு ஒரு ட்ரெய்னியைத் தயார்செய்து, சொல்லிக்கொடுத்தவரையே வெளியே அனுப்பும் கணக்கு எந்தத் தொழில்வட்டாரத்திலும் உண்டு. நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, அப்ரன்டிஸ் என்று ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்பவர்கள் வேறு வேறு சம்பளத்தோடு நிற்கும் இடத்தில், “தெரிந்ததைத் தாராளமாகக் கொடு” என்று மூத்தவரிடம் சொல்வதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இராமானுசர் நரகத்தை ஏற்றது அவராக ஏற்றது. இன்னொருவரை நரகத்துக்குப் போ என்று கேட்கும் உரிமை எந்த முதலாளிக்கும் எந்த மேலாளருக்கும் கிடையாது. பிழைப்பைப் பறிக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பெருந்தன்மையைக் கோருவது அறமல்ல.

ஆனால் பூட்டிவைப்பது அந்தச் சொத்தைக் காப்பாற்றுகிறதா? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வெளியே வந்தார்கள். ஆலை மூடினால், லைனில் ஒரே ஒரு அசைவை மட்டும் கற்றவர் கையில் வெளியே எடுத்துப்போக ஏதும் இருப்பதில்லை. வேலையை முழுதாகக் கற்றவருக்குத்தான் அடுத்த வாசல் திறக்கிறது. ஒருவர் ரகசியமாக வைத்திருந்த எண்ணும் அந்த எந்திரம் ஏலத்துக்குப் போகும் நாளில் செல்லாக்காசு. அவர் சொல்லிக்கொடுத்த பையன் மட்டும் எங்கோ ஒரு பட்டறையில் நின்றுகொண்டு, “அண்ணன் ஒருத்தர் இருக்கார், நல்ல வேலைக்காரர், கூப்பிடலாமா?” என்று கேட்பான். இந்தச் சாலையில் வேலை பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்களைவிடச் சொல்லிச் சேர்ந்தவர்கள் அதிகம் என்பதை இங்கே வாழ்பவர்கள் அறிவார்கள்.

அச்சத்தை ஒருவர் தனியாக வெல்வது கடினம் என்பதும் உண்மை. 2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நடந்தது. தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களின் முதன்மையான கோரிக்கை. அதன் அரசியலையும் பொருளாதாரத்தையும் பற்றிப் பலரும் பேசினார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிந்தது. பக்கத்தில் நிற்பவன் என் இடத்தைப் பிடிக்க வந்தவன் என்று நினைக்கும்வரை யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்பவன் என்னோடு நிற்பவன் என்று ஆகும்போது கை தானாகத் திறக்கிறது. வேலைக்கு உத்தரவாதம், பேசுவதற்கு ஒரு சங்கம், சொல்லிக்கொடுப்பவருக்கு அதற்கான மரியாதையும் கூலியும் — இவற்றை ஏதோ சட்டப்பிரிவுகளாக நாம் நினைக்கிறோம். மனிதன் நல்லவனாக இருப்பதை எளிதாக்கும் ஏற்பாடுகள் என்றே அவற்றை நான் பார்க்கிறேன்.

*

நாம் நீதிநூல்களை வாசிக்கும் முறையில் ஒரு குறை இருக்கிறது. அவை தனிமனிதனிடம் பேசுவதாக மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்: நீ கொடு, நீ பொறு, நீ அஞ்சாதே. அதனால் அறம் என்பது மாமனிதர்களின் வேலை என்று ஒதுக்கிவைத்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு விழா எடுக்கிறோம். கோபுரத்தில் ஏறிய இராமானுசர் நமக்குப் போதுமானவராகத் தோன்றுகிறார்.

அவர் கோபுரத்தோடு நிற்கவில்லை. திருவாய்மொழிக்குத் தானே உரை எழுதியிருக்கலாம்; அந்த வேலையைத் திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் கொடுத்தார். தான் எழுதிவிட்டால் பொருள் இவ்வளவுதான் என்று பின்வருபவர்கள் நிறுத்திக்கொள்வார்கள் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அடுத்தவர் தன்னைத் தாண்டிப் போக வழிவிடுவதற்காகத் தன் எழுத்தாணியைக் கீழே வைத்தவர் அவர். யாதவப்பிரகாசரிடம் பட்ட பாட்டை அவர் தன் மாணவருக்குக் கைமாற்றவில்லை. பிறகு, கற்பிக்கும் பொறுப்பை எழுபத்துநான்கு பேரிடம் ஒப்படைத்தார் என்கிறது மரபு. ஒருவர் ஒருநாள் செய்த துணிகரம் எழுபத்துநான்கு பேர் நாள்தோறும் செய்யும் வேலையாயிற்று. அந்த ஏற்பாட்டிலும் காலப்போக்கில் மதில்கள் எழுந்தன. மேல்கோட்டைக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அவர் அழைத்தார் என்ற பெருமையோடு, அந்த அழைப்பு ஆண்டில் சில நாட்களுக்கென்று சுருங்கியே நின்றது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையும் அதை மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் நம்புவது இதுதான். மனித இயல்பு கெட்டதல்ல; அஞ்சுவது. அஞ்சும்போது அது மூடிக்கொள்கிறது. நல்ல வாழ்க்கைக்கு முதல் படி, நான் எதை யாரிடமிருந்து எதற்காக மறைக்கிறேன் என்று நேராகப் பார்ப்பது. இரண்டாவது, நான் பட்ட வலி என்னோடு முடியட்டும் என்று முடிவெடுப்பது. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், எந்தச் சட்டமும் வேண்டாம், இன்றைய ஷிஃப்டிலேயே தொடங்கலாம். மூன்றாவது, கொடுப்பவர் அஞ்சவேண்டியிராத ஓர் இடத்தைச் சேர்ந்து உண்டாக்குவது. இதற்குப் பலரும் பல காலமும் வேண்டும். மூன்றாவது வரும்வரை இரண்டாவதைத் தள்ளிவைத்தால் ஒரு தலைமுறை ஒன்றும் கற்காமல் போய்விடும். இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவதை மறந்தால், நல்லவர்கள் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களை எந்த ஊரில் பார்த்தாலும் அவர்களுக்குத் துணையாக நிற்க வேண்டும். சொல்லிக்கொடுப்பது ஒருவரின் வீரமாக இருக்கும் காலம் போய், எல்லோருடைய வழக்கமாக ஆகட்டும்.